ஸ்டெல்லாவுக்கு வாங்கிக் கொடுத்த டயர்

முன்சில்லு டயரின் கிழிசலுக்குள் என் சுட்டுவிரல் முழுதாகப் போனது.

களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் காவலாளிகள் இருக்கும் சின்ன அறை அது. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மூலையில் நாலைந்து குடைகள், யாரோ விட்டுப்போன சாப்பாட்டுப் பை. அவற்றுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்த நீல நிற ரேஸ் சைக்கிள். கைபிடியில் சுற்றியிருந்த நாடா ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. அதில் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது.

நான் குந்தியிருந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளிக்கு என் வயதுதான் இருக்கும். பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"டயர் ஏக்க பரணய் நே, மாத்தயா?" என்றார். டயர் பழசுதானே என்று கேட்கிறார்.

நான் விரலை வெளியே எடுத்தேன். அந்த டயரைக் கடையில் வாங்கியவன் நான். சில்லில் ஏற்றிக் காற்றடித்தவனும் நான். அது பழசு என்பது வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு வாசகரின் கடிதம்

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் நான் சைக்கிளில் வேலைக்குப் போன கதையைச் சில வாரங்களுக்கு முன்னர் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு இரத்மலானையிலிருந்து ஒரு அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். மகன் ரேஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறானாம். விலையும் கட்டுப்படியாகி நெடுநாள் உழைக்கிற டயரை எப்படிப் பார்த்து வாங்குவது, உங்களைப்போல ஒரு அனுபவசாலி சொன்னால் நல்லது என்று கேட்டிருந்தார்.

'அனுபவசாலி' என்ற இடத்தில் நிறுத்தி, கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் என் மனைவி வசந்தா எடுத்து வாசித்தாள்.

"அந்த மனிசனுக்குப் பதில் எழுதுங்கோவன்," என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "எழுதுறதெண்டால் முழுக்க எழுதுங்கோ" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியவற்றில் என்னைக் கொஞ்சம் நல்ல மனிதனாகத்தான் காட்டி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது.

டயர் பார்க்கிற உத்தியோகம்

கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விபத்தில் அடிபட்ட வாகனங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் தொழில். நசுங்கிய கார், கவிழ்ந்த வான், கால்வாய்க்குள் இறங்கிய லொறி எல்லாம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் டயர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விபத்துக்குக் காரணம் வீதியா, சாரதியா, டயரா என்று சொல்ல வேண்டும். 'டயர் தேய்ந்திருந்தது, உரிமையாளரின் கவனயீனம்' என்று நான் ஒரு வரி எழுதினால் அந்த மனிதருக்கு நட்டஈடு இல்லை.

ஒருமுறை பேலியகொடை மீன் சந்தைக்கு லொறி ஓடுகிற ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். சட்டையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் புகைப்படத்தை அவர் பக்கம் திருப்பி, பேனா முனையால் டயரின் வெடிப்பைக் காட்டினேன்.

"இதைப் பார்த்துப்போட்டும் நீங்கள் லொறியை எடுத்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

கேள்வி சரியானதுதான். கேட்ட விதத்தில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டெல்லா வந்தது

பெற்றோல் வரிசை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் வசந்தாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன. வாய் கோணி, பேச்சும் குழறியது. களுபோவில ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள்.

அங்கேதான் ஸ்டெல்லாவைச் சந்தித்தோம். பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயது, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம், அம்மாவோடு தனியாக இருந்தாள். மெலிந்த உடம்பு, ஆனால் கையில் நல்ல பலம். வசந்தாவின் காலைப் பிடித்தால் வசந்தாவுக்குப் பயம் போய்விடும்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணன், மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம். இப்ப விட்டா பொறகு புடிக்க ஏலாது. நான் வேல முடிஞ்சு உங்க வெள்ளவத்தையால தானே வீட்டுக்குப் போறேன். செவ்வாயும் வெள்ளியும் எறங்கி அக்காவுக்கு எக்சசைஸ் குடுத்துட்டுப் போறேன்."

அப்படித்தான் வரத் தொடங்கினாள். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. படியேறி வந்து செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, எழும்புவோமா?" என்று சத்தம் கேட்கும். காசு கொடுத்தால் பாதியைத் திருப்பித் தருவாள். வசந்தா கட்டாயப்படுத்தினால் ஒரு தேத்தண்ணி குடிப்பாள்.

இரண்டு மாதத்தில் வசந்தா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அன்று நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.

பிறகு பெற்றோல் இல்லாமல் போனது. ஓடிய சில பஸ்ஸிலும் ஏற இடமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா வரமாட்டாள் என்றே இருந்தோம். நாலரை மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"சைக்கிள்ல வந்தேன், அண்ணன்!" என்று சிரித்தாள்.

அவளுடைய தமையன் ஒரு காலத்தில் சைக்கிள் ரேஸ் ஓடியவர். இப்போது கட்டாரில் வேலை. அவர் விட்டுப்போன சைக்கிள் வருடக்கணக்காக வீட்டு நடைபாதையில் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதைத் துடைத்து எடுத்து, குனிந்து ஓடுகிற அந்தக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவிலவுக்குப் போய் வந்தாள். வீதியில் பொடியன்கள் விசிலடித்தார்களாம். "அடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள்.

கீழே இறங்கிப் போய் சைக்கிளைப் பார்த்தேன். டயர் இரண்டும் உக்கிப் போயிருந்தன. நூல் வெளியே தெரிந்தது.

"இதோட ஓடக்கூடாது, ஸ்டெல்லா."

"எனக்கு என்ன தெரியும், அண்ணன். கடைக்குப் போற நேரம் நான் டியூட்டியில. உங்களுக்குத்தானே டயர் பத்தி எல்லாம் தெரியும். நல்லதாப் பார்த்து எடுத்துத் தாங்க. வெல போனாலும் பரவால்ல."

அடுத்த முறை வரும்போது ஒரு கடித உறையில் காசைக் கொண்டுவந்து தந்தாள்.

எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது

வயிறு குறையட்டும் என்று டொக்டர் சொல்லி, எப்போதோ வாங்கிய பழைய ரேஸ் சைக்கிள். வருடத்தில் பத்து நாள் ஓடியிருப்பேன். பெற்றோல் நின்றதும் அதுதான் என் வாகனம். மரைன் டிரைவால் கோட்டைக்கு, கடல் காற்றோடு நேரான வழுவழுப்பான பாதை. இருபத்தைந்து நிமிடம்.

அந்த நாட்களில் ஞாயிறு காலைகளில் ஒரு கூட்டம் சேர்ந்து நீர்கொழும்புப் பக்கம் சைக்கிளில் போய் வரும். எல்லாரும் இளம் ஆட்கள். விலை கூடிய சைக்கிள், இறுகிய உடுப்பு. நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு அந்த ஆசை வந்தது.

முதல் நாளே ஒரு இளம் என்ஜினியர் என் டயரைக் குனிந்து பார்த்தான்.

"அங்கிள், இதோட பேலியகொடைப் பாலம் தாண்ட மாட்டீங்க. ரோட்டுல மீன் தண்ணி வேற."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களின் டயரில் குறை பிடித்தே சம்பளம் வாங்கிய எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது. நல்ல டயர் ஒரு சோடி வாங்கியே தீருவது என்று அன்று முடிவு செய்தேன்.

கேட்டவருக்குப் பதில்

இரத்மலானை அன்பர் கேட்டதற்குப் பதிலை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ரேஸ் சைக்கிள் என்பதற்காக ஆக மெல்லிய டயர் போடவேண்டாம். கொழும்பு வீதிக்கு இருபத்தெட்டு மில்லிமீற்றர் அகலம் நல்லது. வாங்குமுன் பிரேக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடித்துப் பெட்டியில் வைத்து விற்கிற டயர் பாரம் குறைவு, ஓட இதமாக இருக்கும், விலை கூட. விளிம்பில் கம்பி உள்ள டயர் கொஞ்சம் பாரம், ஆனால் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஓடுகிற பக்கத்துக்குக் கீழே, ஆணியும் கண்ணாடியும் ஏறாதபடி ஒரு தடித்த பட்டி வைத்துச் செய்திருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். வெட்டும் வரியுமான வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கவேண்டாம். தார் வீதிக்கு வழுவழுப்பான டயரே போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் டயரின் பக்கச் சுவர். கையால் மடக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரிந்தால், ஓடாத புது டயராக இருந்தாலும் அது செத்த டயர். மிதமிஞ்சிப் பளபளத்தால் ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டில் ஒன்றுதான் நல்ல டயர் என்றால் அதை முன்சில்லுக்குப் போடுங்கள். பின்டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், நிறுத்திக்கொள்ளலாம். முன்டயர் வெடித்தால் ஆள் விழும்.

இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

புறக்கோட்டைக் கடையில்

இறக்குமதி நின்றுபோன காலம். நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் சிறிபால என்ற பெரியவரின் கடையில் இருபத்தெட்டு மில்லிமீற்றரில் இரண்டு சோடி இருந்தது.

ஒன்று, மேல்தட்டில் கடதாசி சுற்றி வைத்திருந்த சோடி. கையில் எடுத்ததும் தெரிந்தது. ரப்பர் மெதுமையாக மடிந்தது. நகம் பதிந்து மறைந்தது. உள்ளே தடித்த பட்டி.

மற்றது கடை வாசலில், வெயில் படுகிற கம்பியில் தொங்கிய சோடி. வருடக்கணக்காகத் தொங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் நன்றாக இருந்தது. வெயில் பட்ட பக்கத்தை மடக்கினால் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. அதன்மேல் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கியிருந்தார்கள்.

சிறிபால ஒளிக்கவில்லை. "மேக்க பரண ஸ்டொக், மாத்தயா. வெல கொறச்சுத் தாறேன்" என்று, அது பழைய சரக்கு என்பதைச் சிங்களமும் தமிழுமாகச் சொன்னார்.

நான் இரண்டு சோடியையும் கண்ணாடி மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல சோடியைப் பிரித்து, ஒன்றை ஸ்டெல்லாவின் முன்சில்லுக்கும் மற்றதை என் முன்சில்லுக்கும் போட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை என்று அங்கேயே தோன்றியது. தெளிவாகத் தோன்றியது. அதோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முன்னால் ஒரு நல்ல டயரும் ஒரு வெடிப்பு விழுந்த டயருமாகப் போய் நிற்கிற காட்சியும் தோன்றியது.

அவள் ஓடுகிற தூரம் என்னுடையதைவிட இரண்டு மடங்கு. அவள் பாதை காலி வீதி, பள்ளம் நிறைந்தது, ஓடுகிற கொஞ்சப் பஸ்ஸும் அதில்தான்.

நல்ல சோடியை எனக்கு எடுத்தேன். பழைய சோடியை ஸ்டெல்லாவுக்கு என்று கட்டச் சொன்னேன்.

சில்லில் ஏற்றியது

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் டயரைக் காட்டினேன்.

"நல்ல பளபளன்னு இருக்கே, அண்ணன்!"

"ஓம். விலையும் குறைவு. நல்லா உழைக்கும்."

மீதிக் காசைக் கடித உறையிலேயே போட்டுக் கொடுத்தேன். அதை ஒரு நேர்மையாக நினைத்துக்கொண்டேன்.

அவள் மேலே போய்விட்டாள். நான் கீழே வாகனத் தரிப்பிடத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டயரை ஏற்றினேன். யன்னல் வழியாக அவள் எண்ணுவது கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... விடாதீங்க அக்கா... மூணு..." வசந்தாவின் செருப்பு தரையில் இழுபடுகிற சத்தமும் கேட்டது.

சைக்கிளில் ஏறுகிறவர்கள் இடது பக்கமாகத்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். நான் வெடிப்பில்லாத சுவர் இடது பக்கம் வரும்படியாக இரண்டு டயரையும் பூட்டினேன். வெடிப்புள்ள பக்கம் வலப்புறம் போனது.

என் கை அதைத் தானாகச் செய்தது என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கை தானாக ஒன்றும் செய்யாது. முதலில் முன்டயரை மாறிப் போட்டுவிட்டு, கழற்றித் திருப்பிப் போட்டேன்.

மறுபடியும் காவலாளி அறை

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நாலரை ஆகியும் ஸ்டெல்லா வரவில்லை. வசந்தா எழும்பத் தயாராகக் கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தாள். போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

தெஹிவளைக் கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது முன்டயர் வெடித்திருக்கிறது. அதிர்ஷ்டத்துக்குப் பின்னால் வந்த பஸ் நிறுத்திவிட்டது. பெற்றோல் கிடைத்திருந்த ஒரு முச்சக்கர வண்டிக்காரர் அவளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுபோய், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்.

நான் என் சைக்கிளில், என் புது டயரில், பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அவளைப் பார்க்க முன்னர் டயரைப் பார்க்கப் போனேன். வருடக்கணக்கான பழக்கம் என்று சொல்லலாம். உண்மையில், யாராவது அதைப் பார்த்துவிட்டார்களா என்று பார்க்கப் போனேன். வலப்பக்கச் சுவர் வெடிப்புக்கு வெடிப்பு கோடு பிடித்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. என் மேசைக்கு இந்தப் படம் வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் அறிக்கை எழுதியிருப்பேன்.

காவலாளியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வார்ட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லாவின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. மணிக்கட்டு முறிந்திருந்தது. முகத்தில், நாடியில் ஐந்து தையல். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"அண்ணன், அக்காவுக்கு எக்சசைஸ் விட்டுப் போகுமே. நான் வேற யாரையாவது கேட்டுப் பார்க்கிறேன்."

"அதை விடுங்கோ. எப்பிடி நடந்தது?"

"கல்லுல ஏறிட்டேன் போல. அந்த ரோட்ட ஒழுங்காப் போட்டாத்தானே. டயர் புதுசு, அதுவே தாங்கல்ல பாருங்க."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆட்கள் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், ரோட் சரியில்லைத்தான்," என்றேன்.

நான் நல்லவனானது

சைக்கிளை நானே திருத்தித் தருவதாகச் சொல்லி எடுத்துவந்தேன். வீட்டில் என் சைக்கிளின் நல்ல டயர் இரண்டையும் கழற்றி அவளுடையதில் போட்டேன். கிழிந்த டயரையும் மற்றதையும் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைப் பையில் போட்டேன். கைபிடி நாடா புதிதாகச் சுற்றினேன். பிறகு தள்ளிக்கொண்டே நடந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட்டேன்.

ஸ்டெல்லாவின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல சொந்தக்காரன் கூட இப்புடி செய்ய மாட்டான், தம்பி. உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்துறேன்."

அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். 

வேறு யாரும் வசந்தாவுக்குக் கிடைக்கவில்லை. பெற்றோல் இல்லாத ஊரில் யார் மூன்றாம் மாடி ஏறி வருவார்கள்? நான் செய்து பார்த்தேன். என் பிடியில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கிழமை போகப் போக இடது முழங்கால் இறுகியது. எழுந்து நின்றவள் மறுபடி கதிரையோடு இருந்தாள்.

வசந்தா கேட்டது

என் சைக்கிள் பல்கனியில் நிற்கும். வசந்தாவின் கதிரைக்கு நேரே. நாள் முழுக்க அவள் பார்ப்பது அதைத்தான். ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள். அப்போது அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக.

"உங்கட... டயர்... எங்கை?"

"ஸ்டெல்லாவின்ர சைக்கிளுக்குப் போட்டிட்டன்."

"ஏன்?"

"அவவின்ர டயர் பழசு."

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "நீங்கள்தானே... புதுசு வாங்கிக் குடுத்தனீங்கள்?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டயரைத் திருப்பிப் பூட்டியதையும் சொன்னேன். சொல்லி முடிந்ததும் அவள் நல்ல கையால் என் கையைத் தள்ளி அகற்றினாள்.

"அந்த நேரம்... மேல... என்னை நடக்கப் பண்ணிக்கொண்டிருந்தவள்."

அன்று முழுக்க அவள் என் கையால் சாப்பிடவில்லை. வலது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டாள், கோணிய வாயிலிருந்து மடியெல்லாம் சிந்த. மாலையில் இரண்டு வசனம்தான் சொன்னாள்.

"போய்... அவளிட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி... நான் சொல்லுவன்."

கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து சனம் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்த நேரம் போனேன். மாவுக்கட்டைக் கழற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்டெல்லா மேசையில் ஒரு துவாயை வைத்து, அதை விரல்களால் சுருட்டிச் சுருட்டித் தனக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது.

அவளுடைய அம்மா ஒரு தட்டில் கேக்கும் கிளாசில் இஞ்சிச் சோடாவும் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்க தம்பி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இருக்கவே சொன்னேன்.

ஸ்டெல்லா துவாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?"

"ஓம்."

"ஆஸ்பத்திரியில என்னப் பார்க்க வந்தப்பயும் தெரியும்?"

"ஓம்."

"நான் ரோட்டத் திட்டினேன். நீங்களும் சேர்ந்து திட்டுனீங்க."

மன்னிப்புக் கேட்க நான் வீட்டிலிருந்து சில வசனங்கள் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பிழை செய்திட்டன், ஸ்டெல்லா" என்றுதான் சொன்னேன்.

அவளுடைய அம்மா எழுந்தார். கடித்து வைத்த கேக் துண்டோடு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

ஸ்டெல்லா மணிக்கட்டை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மடியவில்லை.

"இது முழுசா வருமா தெரியாது. வராட்டியும் வேல செய்ய ஏலும்," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அக்காவுக்கு எவ்ளோ நாளா ஒண்ணும் செய்யல்ல?"

"ஒன்பது கிழமை."

"ஐயோ." முதல் தடவையாக அவளுடைய குரல் உடைந்தது. வசந்தாவின் காலுக்காக.

துவாயை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்த மாசத்திலருந்து வாறேன். செவ்வாயும் வெள்ளியும், அதே நேரம். அக்காவுக்காகத்தான் வாறேன். கதவத் தொறந்து வச்சிட்டு நீங்க வெளிய போயிருங்க. நான் வந்து போற மட்டும் நீங்க வீட்டுல இருக்க வேணாம்."

"சரி," என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும்

அவள் சொன்னபடி வந்தாள். இன்றைக்கும் வருகிறாள்.

வசந்தா இப்போது தடியோடு நடக்கிறாள். படி இறங்குவாள். இடது கால் இழுபடுவது நிற்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் விட்டால் பிறகு பிடிக்க ஏலாது என்று ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் என்னிடம் தனியாகச் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வசந்தா அதை எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. அவளுடைய கால் தரையில் உரசுகிற சத்தம் வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் கேட்கும்.

நான் நாலேகாலுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். தண்டவாளத்தைக் கடந்து போய்க் கடற்கரைக் கல்லில் இருப்பேன். ஆறு மணிக்குத் திரும்பி வந்தால் மேசையில் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பை இரண்டு இருக்கும். அவற்றைக் கழுவி வைப்பேன். என்ன கதைத்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய், மறதியில் நேரே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து சத்தம் கேட்டது. ஸ்டெல்லா ஏதோ சொல்ல, வசந்தா சிரித்தாள். பாரிசவாதம் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஸ்டெல்லாவும் சிரித்தாள். இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள்.

நான் சத்தம் போடாமல் கீழே இறங்கி வாசல் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கீழ்வீட்டுக்காரர் குடையோடு வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"என்ன அண்ணை, நனைஞ்சுகொண்டு நிக்கிறியள்? மேல போகேல்லையோ?"

"இன்னும் ஆறு மணியாகேல்லை," என்றேன்.